சத்தத்தைக் கண்டுபிடியுங்கள், சாமானை மாற்றாதீர்கள்

வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று ஒரு சர்வீஸ் சென்டரில் போய்ச் சொல்லிப் பாருங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவார்கள் என்றுதான் நினைப்பீர்கள். அநேக இடங்களில் அது நடப்பதில்லை. எந்தப் பாகத்தை மாற்றலாம் என்றுதான் தேடுகிறார்கள். இந்த இரண்டும் ஒரே வேலை இல்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பாக இது நம்மைப் போல ஊரை விட்டு வந்து குடியிருக்கும் குடும்பங்களுக்கு. சொந்த ஊரில் இருந்தால் தெருமுனை மெக்கானிக் அண்ணனுக்கு நம் வண்டியின் ஜாதகமே தெரியும். "போன தீபாவளிக்கு இதைத்தானே சார் மாத்தினோம்" என்பார். இங்கே கல்கத்தாவில் அப்படி யார் இருக்கிறார்கள்? மூன்று வருடத்துக்கு ஒரு முறை மூட்டை கட்டும் கூட்டம் நாம். மொழி அரைகுறை, ஆளும் புதுசு. அதனால் பெரிய கண்ணாடிக் கட்டடம், ஏ.சி. ஹால், இலவச காபி இருக்கும் இடமாகப் பார்த்து வண்டியை விடுகிறோம். அந்தக் காபிக்கு என்ன விலை என்பது பில் வரும்போதுதான் தெரியும்.

நான் பி.காம். படித்த பேங்க் ஆபீசர். இன்ஜினைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி என்று கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள், பதில் இருக்கிறது. கணக்குப் படித்தவர்களுக்கு டிரையல் பேலன்ஸ் தெரியும். வரவும் பற்றும் இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டும். வரவில்லை என்றால் என்ன செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள்? முதலில் வித்தியாசத்தைப் பார். அது 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறி விழுந்திருக்கலாம். 54 என்பதை 45 என்று எழுதியிருப்பார்கள், வித்தியாசம் 9. வித்தியாசத்தின் சரிபாதித் தொகை ஏதாவது ஒரு பதிவில் இருந்தால், பற்றில் போகவேண்டியது வரவில் போயிருக்கலாம். அதாவது, தப்பின் உருவமே தப்பு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். எல்லா லெட்ஜரையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கி வை என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

வண்டிச் சத்தமும் அப்படித்தான். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. அதைக் கேட்காமல் பாகத்தை மாற்றுகிறவர், டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றதும் லெட்ஜரை மாற்றுகிறவர். அதோடு விடாமல் லெட்ஜருக்கு நம்மிடமே காசும் வாங்குகிறார்.

ஜாப் கார்டில் காணாமல் போகும் சொற்கள்

நம் தமிழில் சத்தத்துக்கு எத்தனை சொல் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கடகட, மடமட, சலசல, நறநற, கிறீச், டங், ஊய்ங்... இரட்டைக்கிளவிக்குத் தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது. வங்காளிகளும் இதில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. 1909-ல் வந்த 'சப்ததத்வ' நூலில் ரவீந்திரநாத் தாகூர் இந்த ஒலிச் சொற்களுக்கென்றே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். கொட்கொட், கொர்கொர், டொக்டொக், ஜொன்ஜொன் என்று இவர்கள் சொல்லும்போது காதில் அந்தச் சத்தமே கேட்கும்.

இவை வெறும் அலங்காரச் சொற்கள் இல்லை, நோயின் அறிகுறிகள். 'டங்' என்று ஒரே ஒரு அடி கேட்டால் எங்கோ இரண்டு கெட்டி இரும்புக்கு நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறது. 'டக்டக்டக்' என்று சக்கரத்தோடு சேர்ந்து வந்தால் சுற்றுகிற ஏதோ ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் தட்டுகிறது. 'ஊய்ங்' என்றால் பேரிங் அல்லது பல் சக்கரம். 'ஜலஜல' என்றால் மெல்லிய தகரம்.

இப்படி நாம் வாய் வலிக்க விவரித்ததை அந்த சர்வீஸ் அட்வைசர் தம்பி ஜாப் கார்டில் எப்படி எழுதினார் தெரியுமா? "நாய்ஸ் ஃப்ரம் ஃப்ரண்ட்." அவ்வளவுதான். வீட்டில் படித்துக் காட்டினேன். "ஏங்க, முன்னாடி நாய் மாட்டிக்கிச்சா?" என்றாள் தங்கமணி. :-)

சிரித்துவிட்டு யோசித்தால், அந்த மூன்று வார்த்தையில்தான் எல்லாக் கோளாறும் ஆரம்பிக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்யும் பையன் நம்மைப் பார்ப்பதே இல்லை. அவன் கைக்குப் போவது அந்த மூன்று வார்த்தைதான். முன்னாலிருந்து சத்தம் என்றால் அவன் எதைத்தான் பிடிப்பான்? முன்னால் இருப்பதில் அடிக்கடி போவது எது, கடையில் ஸ்டாக் இருப்பது எது என்று பார்த்து மாட்டுவான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்?

என் வண்டியின் கதை, சுருக்கமாக

கோயம்புத்தூரில் வாங்கிய, ஏழு வருடம் ஓடிய சாதாரண பெட்ரோல் ஹாட்ச்பேக். கம்பெனி பெயரும் சர்வீஸ் சென்டர் பெயரும் வேண்டாம், இந்தக் கதைக்கு அவை அவசியமும் இல்லை. சிக்னலில் நின்று முதல் கியரில் கிளம்பும்போது 'ஜலஜலஜல' என்று ஒரு அதிர்வுச் சத்தம். இரண்டாவது கியரிலும் மிதித்தால் வரும். வேகம் பிடித்ததும் காணாமல் போய்விடும். நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் வராது. ரிவர்ஸில் வராது. இது அத்தனையும் முதல் நாளே சொன்னது, மேலே பார்த்தபடி மூன்று வார்த்தையாகச் சுருங்கியது.

முதல் தடவை: இடது பக்க டிரைவ் ஷாஃப்ட் மாற்றம். கூலியோடு 14,800 ரூபாய். சத்தம் அப்படியே இருந்தது.

இரண்டாவது தடவை: லோயர் ஆர்ம், லிங்க் ராட் இரண்டு பக்கமும். 9,600 ரூபாய். சத்தம் அசையவில்லை.

மூன்றாவது தடவை: "சார், கிளட்ச் செட்டும் ஃப்ளைவீலும் மாத்திடலாம், கண்டிப்பா அதுதான்." எஸ்டிமேட் 31,000. கையெழுத்துப் போடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் 'கண்டிப்பா' என்ற சொல்தான் என்னைக் கிளப்பியது. டிரைவ் ஷாஃப்டுக்கும் அதே 'கண்டிப்பா'தான் சொன்னார்கள்.

பிறகு ஆபீஸ் சகா ஒருவர் கஸ்பா பக்கம் ஒரு சந்தில் இருக்கும் மிஸ்திரியிடம் அனுப்பினார். (மெக்கானிக்குக்கு இங்கே மிஸ்திரி. அவரை தாதா என்று கூப்பிடவேண்டும். நம்மூர் சினிமா தாதா இல்லை, அண்ணன் என்று அர்த்தம்.) ஐம்பது தாண்டியவர். வண்டியைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கொட்கொட் நா ஜொன்ஜொன்?" கெட்டி இரும்புத் தட்டலா, தகரச் சிணுங்கலா? ஜொன்ஜொன் என்றேன். தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். சந்துக்குள் நாலு முறை முன்னும் பின்னும் ஓட்டினார். பிறகு பானட்டைத் திறந்து வைத்து, கையில் பிரேக், காலில் பிரேக், முதல் கியரில் கிளட்சை மெல்ல விடச் சொன்னார். இன்ஜின் ஒரு பக்கமாக எம்பிச் சாய்ந்தது. கூடவே சத்தமும் வந்தது. ரிவர்ஸில் அதையே செய்தபோது எதிர்ப்பக்கம் சாய்ந்தது. சத்தம் இல்லை.

கீழே படுத்துப் பார்த்தால் விஷயம் வெட்டவெளிச்சம். இன்ஜின் முன்னும் பின்னும் ஆடாமல் அடியில் பிடித்துக்கொள்ளும் டார்க் ராடின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தது. பளு விழும்போது இன்ஜின் அளவுக்கு மேல் சாய்கிறது. அதோடு சேர்ந்து சைலன்சர் பைப்பும் நகர்கிறது. பைப்பின் மேலிருக்கும் சூடு தடுக்கும் தகரம் வண்டியின் அடித்தட்டில் உரசுகிறது. உரசிய இடம் மட்டும் வெள்ளிக்காசு போலப் பளபளத்தது. தகரத்தைப் பிடிக்கும் ஒரு போல்ட்டின் ஓட்டை துருப்பிடித்து அகன்றும் போயிருந்தது.

டார்க் ராட் 1,150 ரூபாய். தகரத்தைச் சுற்றிக் கட்ட ஒரு ஹோஸ் கிளிப் 40 ரூபாய். கூலி 600. மொத்தம் 1,790. அன்று நின்ற சத்தம் இன்றுவரை திரும்பவில்லை. முதலில் கழற்றிய டிரைவ் ஷாஃப்டை நான் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டு வைத்திருந்தேன். மிஸ்திரி அதைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார், ரப்பர் பூட்டைப் பிதுக்கிப் பார்த்தார். கிழிசல் இல்லை, ஆட்டம் இல்லை. "பாலோ ஆச்சே, தாதா" என்று திருப்பிக் கொடுத்தார். நல்லாத்தான் இருக்கு அண்ணே என்று அர்த்தம். 14,800 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த சர்டிபிகேட்.

அவரிடம் ஸ்கேனரும் இல்லை, லிஃப்டும் இல்லை. ஒழுங்கான கேள்விகள் இருந்தன.

அந்தக் கேள்விகள் என்ன?

மந்திரம் ஒன்றுமில்லை. கார் ஓட்டத் தெரிந்த யாரும் கேட்டுக்கொள்ளக் கூடியவைதான். இன்ஜினிலிருந்து சக்கரம் வரை சக்தி போகும் பாதையில் கிளட்ச், கியர் பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், அதன் இரண்டு முனையிலும் சி.வி. ஜாயிண்ட், வீல் பேரிங் என்று வரிசையாக இருக்கின்றன. பின் சக்கர வண்டி என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட், கிராஸ், கிரவுன் எல்லாம் சேரும். நான்கு கேள்வியில் இந்த வரிசையைப் பாதிக்குப் பாதி குறைத்துக்கொண்டே போகலாம்.

1. சத்தம் இன்ஜின் வேகத்தோடு போகிறதா, சக்கர வேகத்தோடு போகிறதா? ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள் (காலியான, நேரான ரோட்டில் மட்டும்). இன்ஜின் அடங்கியும் சத்தம் தொடர்ந்தால் அது சக்கரப் பக்கம். வீல் பேரிங் ஊய்ங் என்று இழுப்பது இப்படித்தான். வளைவில் ஒரு பக்கம் பளு ஏறும்போது அந்த இழுவை கூடும், குறையும்.

2. பளு இருக்கும்போது வருகிறதா, இல்லாதபோதுமா? நின்ற இடத்தில் முறுக்கினால் வராமல், கிளம்பும்போது மட்டும் வந்தால் அது வெறும் தளர்ந்த தகரம் இல்லை. எதையோ பளு நகர்த்துகிறது. மவுண்டிங், ஜாயிண்ட், கிராஸ் பக்கம் பாருங்கள்.

3. நியூட்ரலில் நிற்கும்போது கிளட்சை மிதித்தால் என்ன ஆகிறது? மிதித்தால் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்தால் நிற்கிறது என்றால் கியர் பாக்ஸ் உள்ளே இன்புட் ஷாஃப்ட் பேரிங், அல்லது கிளட்ச் பிளேட்டில் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங். மிதித்தாலும் விட்டாலும் மாற்றமே இல்லை என்றால், முப்பதாயிரத்துக்கு கிளட்ச் செட் வாங்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

4. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக் கிளம்பும்போது வருகிறதா? காலி மைதானத்தில் ஒரு வட்டம் இடமாக, ஒரு வட்டம் வலமாகப் போங்கள். 'டக்டக்டக்' என்று கேட்டால் வெளிப்பக்க சி.வி. ஜாயிண்ட். உடனே குனிந்து அதன் ரப்பர் பூட்டைப் பாருங்கள். கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும். பூட் கிழிந்ததுமே பார்த்தால் செலவு பூட்டோடு போகும். மணலும் மழைத் தண்ணீரும் உள்ளே போன பிறகு பார்த்தால் ஜாயிண்டே போய்விடும்.

முதல் கியரில் வந்து ரிவர்ஸில் வராத என் சத்தத்தை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது கேள்விக்கே விடை பாதி கிடைத்துவிடுகிறது. பதினைந்து நிமிட வேலை.

ஸ்கேனர் எதற்கு இருக்கிறது என்பார்கள்

"இப்ப வர்ற வண்டியெல்லாம் கம்ப்யூட்டர் சார். மிஸ்திரி காலமெல்லாம் போச்சு." இது அவர்கள் தரப்பு வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து புதிய கார்களில் ஓ.பி.டி. இரண்டாம் கட்டம் கட்டாயம். எரிபொருள், புகை, இக்னிஷன் சம்பந்தமான கோளாறுகளை அது குறியீட்டு எண்ணாகக் காட்டிக்கொடுக்கும். அந்த வேலையில் ஸ்கேனரை அடிக்க ஆளில்லை.

ஆனால் ஸ்கேனருக்குத் தெரிவது சென்சார் சொன்னது மட்டும். கிழிந்த ரப்பர் புஷ்ஷுக்கு சென்சார் கிடையாது. உரசும் தகரத்துக்கும் தேய்ந்த கிராஸுக்கும் கிடையாது. எங்கள் பேங்கில் கோர் பேங்கிங் வந்த பிறகு கணக்கு தானாக டேலி ஆகிறது. அதனால் மோசடி நின்றுவிட்டதா? ஆடிட்டர் இன்னும் கிளைக்கு வந்து வவுச்சரைக் கையால் புரட்டத்தான் செய்கிறார். "ஸ்கேனரில் எரர் இல்லை, எனவே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம்" என்பது நவீனம் இல்லை. கம்ப்யூட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோழி உருட்டுவது.

டார்கெட் அழுத்தம் எனக்குத் தெரியாததா? பேங்கில் உட்கார்ந்துகொண்டு இன்சூரன்ஸ் பாலிசி விற்கச் சொல்லும் காலம் இது. அட்வைசர் தம்பிக்கும் மேலே ஒருவர் கணக்குக் கேட்பார். அதற்காக, அந்த டார்கெட்டை என் வண்டியின் டிரைவ் ஷாஃப்ட் வழியாக அடைவது நியாயமாகிவிடாது.

அம்பாசடர் சொல்லிக்கொடுத்த பாடம்

கல்கத்தாவில் காதால் வண்டி பார்க்கும் ஆட்கள் எப்படி உருவானார்கள்? காரணம் அம்பாசடர். ஹூக்ளிக் கரையில் உத்தர்பாரா பக்கம் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில், மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை வைத்து 1950களின் கடைசியில் ஆரம்பித்த வண்டி. 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும் வரை அடிப்படை உருவம் மாறவே இல்லை. முன்னால் இன்ஜின், நடுவில் நீளமாக புரொப்பல்லர் ஷாஃப்ட், அதன் முனைகளில் கிராஸ், பின்னால் கிரவுன், கீழே பாட்டை ஸ்பிரிங். ஐம்பது வருடத்துக்கும் மேல் ஒரே அமைப்பு என்றால் அப்பா கேட்ட சத்தத்தையே மகனும் கேட்கிறான். கிளம்பும்போது டங் என்றால் கிராஸ், ஆக்சிலரேட்டரை விட்டதும் ஊய்ங் என்று ஊளையிட்டால் கிரவுன் என்று தலைமுறைக்கும் பாடமாகிவிட்டது. நம்ம சென்னை புதுப்பேட்டை மாதிரி இங்கே மல்லிக் பஜார். பழைய சாமான்கள் குவிந்து கிடக்கும் அந்த மாதிரி இடங்கள்தான் இவர்களுக்குப் பள்ளிக்கூடம்.

இதைச் சொன்னதும் 'அந்தக் காலம் பொற்காலம்' என்று நான் பாடப்போவதாக நினைக்கவேண்டாம். அம்பாசடரில் ஹாரனைத் தவிர எல்லாமே சத்தம் போடும் என்ற பழைய ஜோக் சும்மா வரவில்லை. போட்டி இல்லாத லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் வாடிக்கையாளன் வரிசையில் நின்று வாங்கிய வண்டி அது. அதன் கோளாறுகளைக் கொண்டாட ஒன்றுமில்லை. கொண்டாட வேண்டியது அந்தக் கோளாறுகளைத் தேடிக் கண்டுபிடித்த ஒழுங்கை.

அந்த ஒழுங்குதான் கைமாறாமல் போகிறது. 15 வருடம் தாண்டிய வணிக வாகனங்களை நகரத்திலிருந்து விலக்கச் சொல்லி 2008-ல் கல்கத்தா உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. புகை மண்டிய ஊருக்கு அது தேவைதான். மஞ்சள் அம்பாசடர் டாக்சிகள் வருடா வருடம் குறைகின்றன. 2014-ல் கடைசியாக வந்த வண்டிக்கும் 2029-ல் 15 முடிகிறது. வண்டி போகட்டும், வருத்தமில்லை. கூடவே அந்தக் காதும் ஏன் போகவேண்டும்? கஸ்பா மிஸ்திரியின் அறிவை ஒரு தொழிலாக மதித்து, ஸ்கேனரும் வாங்கிக் கொடுத்து, புது வண்டி மேனுவலையும் கொடுத்திருந்தால் அவர் எங்கேயோ போயிருப்பார்.

ஏன் கொடுக்கவில்லை? இதற்கும் சரித்திரம் இருக்கிறது. கார் கம்பெனிகள் உதிரி பாகங்களையும் கோளாறு பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்கின்றன என்று 2011-ல் ஒரு தனி மனிதர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் செய்தார். 2014 ஆகஸ்ட் 25-ல் தீர்ப்பு. 14 கம்பெனிகள் தவறு செய்ததாக முடிவாகி, மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம். பாகங்களையும் கருவிகளையும் வெளியில் கிடைக்கச் செய்யுங்கள், வெளியில் ரிப்பேர் பார்த்தாலே வாரண்டி போய்விடும் என்று மொத்தமாக மிரட்டாதீர்கள் என்றும் ஆணையம் சொன்னது. கவனியுங்கள், அந்தப் பதினாலில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் ஒன்று! பிறகு மேல்முறையீடு அது இது என்று வழக்கு நீண்டது. 2012-லேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மக்கள் ஓட்டுப் போட்டு, கார் ரிப்பேர் தகவல்களை வெளிக் கடைகளுக்கும் கொடுக்கவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். நம் மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனமும் ஒன்று. அதே வருடம் டிசம்பரில் அதற்கென ஒரு இணையதளமும் திறந்தார்கள். தளம் திறப்பது நல்லதுதான். சந்தில் இருக்கும் மிஸ்திரி கைக்கு மேனுவல் போய்ச் சேரும்போதுதான் அது உரிமை.

நம் பக்கமும் ஒரு வார்த்தை

முழுப் பழியையும் கடைக்காரர் தலையில் போட்டுவிட்டு நழுவக்கூடாது. நம்மவர்கள் பலருக்கு ஒரு பழக்கம். டப்பாவில் வந்த பாகத்துக்குப் பதினைந்தாயிரம் வாயைத் திறக்காமல் கொடுப்பார்கள். "ஒரு மணி நேரம் தேடினேன், ஐநூறு கொடுங்க" என்றால் "சும்மா பார்த்ததுக்கா?" என்பார்கள். டாக்டர் மருந்தே எழுதாமல் "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்றால் ஃபீஸ் கொடுக்க மனம் வராத அதே புத்தி. தேடும் வேலைக்குக் கூலி கிடைக்காத ஊரில் எவன் தேடுவான்? மாட்டும் வேலைக்குத்தான் காசு என்றால் மாட்டத்தான் செய்வான்.

எனவே அடுத்த முறை வண்டியை விடும்போது:

சத்தம் எப்போது வரும், எப்போது வராது என்று நீங்களே ஒரு தாளில் எழுதி ஜாப் கார்டோடு பின் அடியுங்கள். செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்து வையுங்கள்.

வேலை செய்யப்போகும் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு போங்கள். அட்வைசரை இல்லை, மெக்கானிக்கை.

ஒரு பாகத்தை மாற்றவேண்டும் என்றால் "ஏன் அது?" என்று கேளுங்கள். ஆட்டம், கிழிசல், உரசல், ஏதாவது ஒன்றைக் கண்ணால் காட்டட்டும். வவுச்சர் இல்லாமல் எந்த கேஷியரும் பணம் கொடுப்பதில்லை.

கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

தேடுவதற்கென்று தனியாகக் கூலி பேசுங்கள். கண்டுபிடித்தால் சந்தோஷமாகக் கொடுங்கள்.

இத்தனைக்கும் மசியவில்லையா? பில்களைப் பத்திரமாக வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். புவனேஸ்வரில் பார்த்த ரிப்பேருக்கு கல்கத்தாவிலிருந்து அங்கே அலைய வேண்டாம். மாற்றலாகிக்கொண்டே இருக்கும் நம் போன்றவர்களுக்காகவே எழுதியது போல ஒரு பிரிவு. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வெறும் பணப் பிரச்சனை என்றால் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். மே மாதம் லீவு விட்டதும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தேசிய நெடுஞ்சாலை 16-ல் பாலசோர், விசாகப்பட்டினம், நெல்லூர் வழியாகச் சென்னைக்கு இறங்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. சுமார் 1,700 கிலோமீட்டர். அந்த ரோட்டில் வீல் பேரிங் இறுகினாலோ சி.வி. ஜாயிண்ட் விட்டுப் போனாலோ என்ன ஆகும் என்று யோசியுங்கள். தப்பான பாகத்தை மாற்றியதால் காசு மட்டும் போகவில்லை. உண்மையான கோளாறு இன்னும் உள்ளேயே இருக்கிறது, "பார்த்தாச்சு" என்ற தைரியத்தோடு நாம் கிளம்புகிறோம். சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளிய தொகை என்றைக்காவது ஒரு நாள் வெளியே வரும். அது ஒரிசா எல்லையில் இரவு பதினொரு மணிக்கு வரவேண்டாம் என்பதுதான் என் கவலை.

பில்லில் பாகத்தின் பெயர் இருக்கிறது. சத்தம் ஏன் வந்தது என்பதற்கு அதில் ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் வேலை முடியவில்லை. பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்.

பி.கு.: நான்கு கேள்விகளையும் எழுதி கார் டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன். போன வாரம் தங்கமணி அதைப் பார்த்துவிட்டு, "மிக்சியும் ஒரு மாசமா சத்தம் போடுது, இதே கேள்விய அதுகிட்டயும் கேளுங்களேன்" என்றாள். மிக்சிக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது என்று சொல்லித் தப்பித்தேன். :-)